தொடாதீங்க, இளைப்பாறுதாரு

கண்ணுசாமியின் விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சூசை அண்ணாச்சி அந்த விரல்களுக்குள் ஒரு ஜெபமாலையைச் சுற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை எப்படியோ வழிக்கு வந்துவிட்டது. வலது கை வரவில்லை. கர்ச்சீப்பால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று ஒரு பெண் சொன்னாள். வேண்டாம், மாலையை மேலே போட்டு மறைத்துவிடலாம் என்றாள் இன்னொருத்தி. சாவு வீட்டில் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

இறந்தவரின் மனைவி பிரகாசி தலைமாட்டில் பாயில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரே மகள் தீபலட்சுமி. கோயம்புத்தூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கி, அழுது அழுது முகம் வீங்கிப்போய் இருந்தாள். பிரகாசி நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதைத் தெரு கவனித்து வைத்திருந்தது. 'விசுவாசமுள்ள பொம்பள, எப்படித் தாங்குதா பாருங்க' என்று வேதக்காரர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

வாசலில் வேன் வந்து நின்றது. இடைசெவலிலிருந்து கண்ணுசாமியின் அண்ணன் அய்யாத்துரை, ஆறேழு ஆட்களோடு இறங்கி உள்ளே வந்தார். கையில் மாலை, சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம். தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பார்வை கைக்குப் போயிற்று.

"இது என்னது?"

"ஜெபமாலை அண்ணாச்சி," என்றார் சூசை.

"அது தெரியுது. எந்தம்பி கையில எதுக்கு? அவன் எப்ப வேதத்துல சேந்தான்?"

சூசை அண்ணாச்சி நல்ல மனுஷன். கோயில் காரியம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வருகிறவர். 

"நேத்துத்தான் அண்ணாச்சி. மாநாட்டுல வச்சு. நாங்க அத்தன பேரும் கண்ணால பாத்தோம். ஆண்டவர் தொட்டாரு, அப்படியே விழுந்தாரு. இளைப்பாறுதல்லயே போய்ட்டாரு. இப்படி ஒரு சாவு யாருக்குக் கெடைக்கும்?"

அய்யாத்துரைக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"விழுந்தவனத் தூக்கலியாய்யா?"

ஐஸ் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிரகாசி குனிந்து பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள்.

*

பிரகாசி கோவில்பட்டிப் பெண். பதினெட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது, பண்டல் ஏற்ற வந்த கண்ணுசாமியைப் பார்த்தாள். இரண்டு வீட்டிலும் அடிதடி வரைக்கும் போய், கடைசியில் மாதா கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. அவரை வேதத்தில் சேரச் சொல்லி அப்போதிருந்த சாமியார் கட்டாயப்படுத்தவில்லை. பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தடை சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டார். கண்ணுசாமி சந்தோஷமாகத் தலையாட்டினார். மகளுக்கு ஞானஸ்நானமும் நடந்தது. தீபலட்சுமி என்று பெயர் வைத்தது அவர். சாமியார் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு மரியாளைச் சேர்த்துக்கொண்டார்.

கண்ணுசாமி எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதே சமயம் எதிலும் மாட்டிக்கொண்டதும் இல்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். கிறிஸ்துமஸுக்கு மாடியில் ஏறி நட்சத்திரம் கட்டுவார், பங்குனி உத்திரத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமை பிரகாசியைத் தன் குட்டியானை லோடு வண்டியில் கோயில் வாசல் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டு, பூசை முடிகிற வரைக்கும் வேப்பமரத்தடியில் தினசரி படித்துக்கொண்டிருப்பார். உள்ளே வரக் கூப்பிட்டால், "வண்டிய யாரு பாக்க?" என்பார். மேலும் நச்சரித்தால், "சாமிக்கு உன்னயத் தெரியும். உனக்கு என்னயத் தெரியும். அது போதாதாட்டி?" என்று சிரிப்பார்.

அது போதவில்லை அவளுக்கு. மோட்சம் நரகம் என்பதெல்லாம் பெரிய விஷயம், அதைச் சாமியார்கள் பார்த்துக்கொள்வார்கள். பிரகாசியின் கவலை சின்னது. ஊருக்கு மேற்கே கல்லறைத் தோட்டத்தில் அவளுடைய அய்யாவும் அம்மாவும் கிடக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு இடம் கிடக்கிறது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கண்ணுசாமிதான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கி வந்து கல்லறையை வெள்ளையடிப்பார். மறுநாள் அவள் மெழுகுவர்த்தி கொளுத்தி ஜெபம் சொல்லும்போது வெளியே வண்டியோடு நிற்பார். அப்போதெல்லாம் அவள் கண் அந்தக் காலி இடத்துக்கே போகும். ஞானஸ்நானம் வாங்காத ஆளுக்கு உள்ளே இடம் கிடையாது என்று முன்னிருந்த சாமியார் ஒருவர் பட்டென்று சொல்லியிருந்தார். அப்படியானால் செத்த பிறகு அவர் ஒரு ஊர், அவள் ஒரு ஊர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று முப்பது வருஷமாக அவள் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மி நகரவில்லை. நேற்றுவரை.

*

'ஆண்களுக்கும் பெண்களுக்குமான விசுவாச மாநாடு, சனி, ஞாயிறு' என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். புறவழிச்சாலை ஓரத்தில் பெரிய தகரப் பந்தல். நடுவில் ஒரு நைலான் கயிறு கட்டி, அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆண்டவரைக் கவனிக்காமல் வீட்டுச் சண்டையை ஆரம்பித்துவிடுவார்களாம். அதுவும் ஒரு விதத்தில் உண்மைதான்.

சமையலுக்கு அண்டாவும் அரிசி மூட்டையும் கொண்டுபோய் இறக்கியது கண்ணுசாமியின் வண்டி. இறக்கி முடித்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பிரகாசியிடம் வந்தார்.

"நெஞ்சு கரிக்குதுட்டி. ராத்திரி தின்ன புரோட்டாவா இருக்கும்."

அவள் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு மிச்சத்தைக் கீழே வைத்தார். புரட்டாசி முடிந்து மழைக்கு ஏங்கிக் கிடந்த புழுக்கம். வண்டிக்குள் உட்கார்ந்தால் அவிந்துபோக வேண்டியதுதான்.

"அந்த வண்டிக்குள்ள வெந்து சாகாதீங்க. உள்ள வாங்க. ஆம்பிளைய பக்கம் பெரிய ஃபேன் போட்டிருக்காவ."

வழக்கமாக வண்டியைச் சாக்குச் சொல்லுகிறவர், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே வந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கடைசி வரிசையில், ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபேனுக்காகத்தான் வந்தார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், முப்பது வருஷமாக வராத ஆள் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று நெஞ்சு பூரித்துப் போயிற்று.

வெளியூரிலிருந்து வந்திருந்த சாமியார் பிரசங்கம் முடித்துத் துதியை ஆரம்பித்தார். எல்லோரும் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார்கள். சாமியார் வரிசையாகத் தலையில் கை வைத்துக்கொண்டே வந்தார். அங்கொருவரும் இங்கொருவருமாக விழ ஆரம்பித்தார்கள். விழுகிறவர்களைப் பின்னாலிருந்து தாங்கிப் படுக்க வைக்கத் தொண்டர்கள் இருந்தார்கள். சிலர் கை வைக்காமலே உட்கார்ந்த இடத்தில் சாய்வதும் உண்டு. விழுந்தவரை எழுப்பக் கூடாது. ஆவியானவர் உள்ளே வேலை செய்கிறார். அதற்கு இளைப்பாறுதல் என்று பெயர். கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாங்களே எழுந்திருப்பார்கள். பிரகாசியே இரண்டு மாநாட்டில் விழுந்திருக்கிறாள். அப்படிக் கிடந்தபோது வீட்டுப் பாரமெல்லாம் இறங்கி உடம்பு பஞ்சாகிப் போனது நிஜம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் கயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கண்ணுசாமியும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவளைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே வலது கையைத் தூக்கினார்.

ஒரு கை. உள்ளங்கை அவள் பக்கம். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எதிரே நிற்கிறவர்களுக்கு 'பொறு' என்று காட்டுவாரே, அந்தக் கை. அடுப்பங்கரையிலிருந்து அவள் கத்தும்போது, போனில் பேசிக்கொண்டே 'இங்க வா' என்று தூக்குவாரே, அந்தக் கை. முப்பது வருஷம் பார்த்த கை.

"ரோஸ்லின் அக்கா, அங்க பாருங்க, எங்க வீட்டுக்காரவிய!" என்று பக்கத்தில் நின்றவளை இடித்துக் காட்டினாள் பிரகாசி. அவளுக்கு அடுத்தவளையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு தன் இரண்டு கையையும் அவருக்கு நேராக உயரத் தூக்கி, அல்லேலூயா என்று கத்தினாள். கண்ணுசாமி அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நாற்காலியோடு சரிந்தார்.

சூசை அண்ணாச்சிதான் ஓடினார். கன்னத்தைத் தட்டலாமா என்று குனிந்தவர், ஒரு சந்தேகத்தில் நிமிர்ந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிரகாசியைப் பார்த்தார். அவள் உதட்டில் விரல் வைத்து, தலையை ஆட்டி, வேண்டாம் என்று சைகை காட்டினாள். யாரோ தண்ணீர் பாட்டிலோடு வந்தார்கள். "தொடாதீங்க, இளைப்பாறுதாரு" என்று சூசை அவர்களைத் தடுத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்து மார்புவரை போர்த்திவிட்டார்.

அவர் போர்த்தியபடி கிடந்தார். இவர்கள் பாடினார்கள். பாட்டு முடிந்து ஜெபமாலை சொன்னார்கள். பிரகாசி அந்த ஜெபமாலையை ஆனந்தக் கண்ணீரோடு சொன்னாள். முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்தபோதுதான் போய் அவர் கையைத் தொட்டாள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார். "இளைப்பாறுதல்ல இருந்தாரு டாக்டர்," என்றார் சூசை. டாக்டருக்கு அது விளங்கவில்லை. அவர் மறுபடியும் கேட்கவும் இல்லை. உடனே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

*

காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்தார். இளவயசுக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவரோடு மாநாட்டுப் பந்தலிலிருந்து ரோஸ்லினும் இன்னும் நாலைந்து பெண்களும் வந்தார்கள். ரோஸ்லின் வந்ததும் வராததுமாகப் பிரகாசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரகாசி, இன்னைக்குக் காலம்பற பந்தல்ல இதத்தான் சாட்சியாச் சொன்னாவ. ஞானஸ்நானம் வாங்காத ஒரு சகோதரர ஆண்டவர் தானாவே அழைச்சுக்கிட்டாருன்னு. எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனாவ. ஒன் ஜெபம் வீண் போகல."

பிரகாசி கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

சாமியார் அய்யாத்துரைக்கும் வணக்கம் சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே இரண்டு கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். இடைசெவல் ஆட்கள் பாடைக்கு மூங்கிலும் பச்சை ஓலையும் இறக்கியிருந்தார்கள். கோயில் ஆட்கள் சவப்பெட்டிக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். எந்த நேரமும் வாய்த்தகராறு வரலாம் என்று இருந்தது.

"அம்மா, ஆயர் இல்லத்துல போன் போட்டுக் கேட்டுட்டேன்," என்றார் சாமியார். "தண்ணி ஊத்தாட்டியும், மனசார விரும்பியிருந்தா அது ஆசை ஞானஸ்நானம். நேத்து அவரு கைதூக்கித் துதிச்சதுக்கும், விழுந்து இளைப்பாறுனதுக்கும் இத்தன பேரு சாட்சி இருக்காங்க. ஆனா மனைவி நீங்கதான் சொல்லணும். அவருக்கு விருப்பம் இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நம்ம கல்லறைத் தோட்டத்துலயே வச்சிரலாம். உங்க அப்பா அம்மா பக்கத்துலயே."

பிரகாசிக்கு அந்த இடம் கண்ணுக்குள் வந்து நின்றது. சுண்ணாம்பு அடித்த இரண்டு மேடு, பக்கத்தில் காலி இடம், எருக்கஞ்செடி. அடுத்த மாதமே கல்லறைத் திருநாள். அவர் தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி வைக்கலாம். வருஷா வருஷம் வைக்கலாம். பிறகு ஒருநாள் அவளும் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். கேட்டது எல்லாம் இதுதானே.

அய்யாத்துரை அவள் முகத்தையே பார்த்தார். சண்டைக்கென்று கிளம்பி வந்த மனுஷனின் குரல் உள்ளே போயிருந்தது.

"இந்தா பாரு தாயி. அவன் நெசமாவே இஷ்டப்பட்டிருந்தான்னா நாங்க குறுக்க நிக்கல. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னுதான் ஆத்தாமை. நீ சொல்லு. நீ சொன்னா நான் கட்டுப்படுதேன்."

பிரகாசி தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. அய்யாத்துரை சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரோரமாகப் போய் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

சாமியார் எழுந்து சிலுவை அடையாளம் போட்டார். எல்லோரும் எழுந்தார்கள்.

"நித்திய இளைப்பாற்றியை அவருக்கு..."

"வேண்டாம் சாமி," என்றாள் பிரகாசி.

சாமியார் நிறுத்தினார். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை அவள் சொன்ன ஜெபம்தான் அது. அப்பாவுக்குச் சொன்னாள், அம்மாவுக்குச் சொன்னாள், தெருவில் செத்த எல்லோருக்கும் சொன்னாள். இன்றைக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்கு மார்புவரை போர்த்திய துண்டுதான் தெரிந்தது.

"அவிய இளைப்பாறல சாமி. அவியளுக்கு நெஞ்சு வலி."

"அம்மா..."

"காலம்பறயே நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னாவ. நான்தான் சோடா வாங்கிக் குடுத்தேன். ஃபேனுக்குத்தான் உள்ள வந்தாவ. சாமி கும்பிட வரல. கையத் தூக்குனது துதிக்க இல்ல. என்னயக் கூப்புட்டாவ."

தீபலட்சுமி தாயின் தோளில் வைத்திருந்த கையை எடுத்தாள்.

"ஒனக்கு அப்பவே தெரியுமாம்மா?"

"அவிய கைய எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் நீ என்ன செஞ்ச?"

பிரகாசி மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நானும் கையத் தூக்குனேன்."

தீபலட்சுமி ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எவ்வளவு நேரம்மா கெடந்தாரு?" என்று கேட்டாள்.

"ஒரு ஜெபமால முழுசும் சொல்லுத நேரம். அண்ணாச்சி எழுப்பத்தான் பாத்தாவ. நான்தான் வேண்டாம்னேன். அண்ணாச்சிய யாரும் ஒண்ணும் சொல்லாதிய."

சூசை அண்ணாச்சி வாயில் துண்டை அடைத்துக்கொண்டு வெளியே போனார். தெருவில் அவர் விம்முகிற சத்தம் உள்ளே கேட்டது.

சாமியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இத நீங்க சொல்லணும்னு இல்லம்மா. அவரை நம்ம தோட்டத்துல வைக்க எனக்கு இப்பவும் தடையில்ல" என்றார்.

"இல்ல சாமி. கேக்காமக் கொள்ளாம அடுத்தவிய எடத்துல வண்டிகூட நிப்பாட்ட மாட்டாவ. பொய் சொல்லி வாங்குன குழியில எப்படிப் படுப்பாவ?"

அவளே குனிந்து ஜெபமாலையை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள். இடது கையில் மணிகள் அழுந்திய தடம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயைத் திறந்து, தெருவே கேட்க அழுதாள். தீபலட்சுமி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அய்யாத்துரை வந்து தம்பியின் நெற்றியில் திருநீறு பூசினார்.

*

இடைசெவலில் முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. அய்யாத்துரை வீட்டு வாசலில் வைத்துக் குளிப்பாட்டி, கோடித் துணி போட்டு, கொட்டு முழங்கத் தூக்கினார்கள். அய்யாத்துரையின் மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். தெருமுனையில் பெண்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அய்யாத்துரையின் மனைவி வெயிலுகந்தம்மாள் பிரகாசியின் முழங்கையைப் பிடித்தாள்.

"இதுக்கு மேல பொம்பளைய போறதில்ல பிரகாசி. வா, குளிக்கணும்."

"நான் போயிட்டு வாரேங்க்கா."

"ஏட்டி, எங்கன போற? ஊர் ஏசும்."

பிரகாசி நின்று சண்டை போடவில்லை. கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். தீபலட்சுமி பெண்களோடு நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என்று கூப்பிடவும் இல்லை, கூட வரவும் இல்லை. முன்னால் போன ஆண்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து அய்யாத்துரையின் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் நின்று திரும்பினார். பிரகாசி உளுந்துக் காட்டு வரப்பில் தடுமாறி வருவதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் நடந்தார். அவரே சொல்லாதபோது மற்றவர்கள் என்ன சொல்வது?

கரிசல் ஈரத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவள் அதைக் கழற்றி வரப்பிலேயே விட்டுவிட்டாள்.

சுடுகாட்டில் விறகும் எருவும் அடுக்கி, கண்ணுசாமியை மேலே கிடத்தி, முகத்தை மட்டும் விட்டு வைக்கோலால் மூடியிருந்தார்கள். முப்பிடாதி என்ற வயசாளி ஒரு தகரச் சட்டியில் மண்ணைக் குழைத்து வைக்கோல்மேல் பூசி மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் தள்ளிப் புளியமரத்தடியில் நின்றார்கள். பிரகாசி கிட்டே போனாள். இனி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்து வளர்ந்த அடக்கத்தில், பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். பெண்களும் போடுவார்கள், பிள்ளைகளும் போடும். போட்டுவிட்டால் திரும்பி நடக்கலாம். கால் நகரும். இங்கே குழி இல்லை.

ஆனாலும் குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். அள்ளியதை எங்கே போடுவதென்று தெரியாமல் கையை மூடிக்கொண்டு நின்றாள்.

முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தார். ஒரு பெண் இங்கே வந்து நிற்பது அவருக்கும் புதுசுதான்.

"கையில என்ன தாயி?"

"மண்ணு."

அவர் தகரச் சட்டியை அவள் பக்கமாக நீட்டினார். அவள் கையை விரித்தாள். கரிசல் விரலோடு ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. அவரே வழித்துப் போட்டு, தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். நெஞ்சுக்கு மேலே வைக்கோல் பிதுங்கிக்கொண்டு நின்றது. அங்கே அந்த மண்ணை வைத்து உள்ளங்கையால் இழுத்துப் பூசினார். பாதிதான் மூடியது.

"பத்தல தாயி," என்றார் முப்பிடாதி. "இன்னொரு பிடி அள்ளிக் குடு."

பிரகாசி சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள்.